நான்காவது தகுதி

"நேராவே கேட்டுடறேன். கணக்கெடுக்க வந்தா, இவரை உங்க வீட்டுக்குள்ள விடுவீங்களா?"

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் கைகாட்டிப் பேராசிரியர் கேட்டார். எதிரே ஊரின் பெரிய நிலக்காரர், பண்ணாடி சென்னியப்பன், உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு அப்பால், மாட்டுக் கட்டுத்தறி ஓரமாக வெயிலில் நின்றிருந்தான் அங்கமுத்து.

ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வருமானம், சாப்பாடு, படிப்பு எல்லாம் விசாரித்து எழுத, பேராசிரியரின் சர்வகலாசாலை ஓர் ஆராய்ச்சி உதவியாளரைத் தேடியது. பொருளாதாரத்தில் பட்டம் வேண்டும், புள்ளிவிவரம் தெரிய வேண்டும், கிராமத்தார் பேச்சு புரிய வேண்டும். மூன்றும் அங்கமுத்துவிடம் இருந்தன. நான்காவதாக, எல்லா வீடுகளுக்கும் தடையின்றிப் போய்வரக்கூடியவராக இருக்க வேண்டுமாம். எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத பாடம் அது. பிறக்கும்போதே தேறியிருக்க வேண்டும்.

அதற்கும் அவன் பயப்படவில்லை. பண்ணாடி இருக்கிறாரே! சேலத்தில் அவனைப் படிக்க வைத்தவரே அவர்தான். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் தன் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, "இவன் எம் பையனுங்க" என்பார். அவர் வீட்டுக்குள் ஒருமுறை போய்விட்டால் ஊரே கதவைத் திறக்கும் என்று நம்பினான், பைத்தியக்காரன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றார் பண்ணாடி. "பொம்பளைங்க பொழங்கற ஊடு பாருங்க. இதுக்கு எங்கக்கா மவன் சின்னுசாமி தோதுப்படுவானுங்க. அவனும் பி.ஏ.தான்."

"பண்ணாடீங்க, உங்கள நம்பித்தானுங்க மனுப் போட்டேன்!"

"படிக்க வெச்சேன் சாமி. ஊட்டுக்குள்ள உடறேன்னு எப்பச் சொன்னேன்?"

அங்கமுத்துவின் கழுத்தில் விழுந்த அத்தனை மாலையும் பொய்யா? பேராசிரியர் அவனைப் பாவம் பார்த்தார். பாவம் பார்த்தபடியே சின்னுசாமியின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் சின்னுசாமி கணக்கெடுக்க வந்தான். ஊருக்குள் வீட்டுக்கு வீடு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கடைசியாக, ஊருக்கு வெளியே அங்கமுத்து குடியிருந்த குடிசை வளவுக்கு வந்தவன் முதல் குடிசையின் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

"ஏ அத்தாயி! ஊட்டுல தவசம் தானியம் எவ்வளவு இருக்குது?"

உள்ளே படுத்திருந்த அங்கமுத்து எழுந்து உட்கார்ந்தான். அவன் தாய் அத்தாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படலை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க சாமி. உக்காந்து, பானையத் தொறந்து பாத்து எழுதிக்குங்க."

"இங்கிருந்தே சொல்லு. நேரமாவுது."

"எல்லா ஊட்டுக்குள்ளயும் போறவங்களுக்குத்தான இந்த வேல? எம் பையன உங்க மாமன் உள்ள உடல. உங்கள நான் வாங்கன்னுதானுங்க கூப்பிடறேன்."

சின்னுசாமி ஒரு காலை எடுத்து வைத்தான். பண்ணாடியின் ஆள் மாடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வருவதைக் கண்டதும் இழுத்துக்கொண்டான்.

"அப்பப் பதிலும் இல்லீங்க," என்றாள் அத்தாயி.

பக்கத்து வீட்டுச் சின்னாயி வெளியே வந்தாள். தன் வீட்டுப் படலையும் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த வீட்டிலும் படல் திறந்தது.

அன்று வளவில் ஒரு வீடும் சாத்தியிருக்கவில்லை. சின்னுசாமியால் ஒரு வீட்டுக் கணக்கையும் எழுத முடியவில்லை.