பானெட் தூக்கினால்

குடியேற்ற அலுவலகத்துக்கு எதிரே நிறுத்திய பிக்கப் வண்டியில் உட்கார்ந்தபடி மரிசேலா காதுத் தோடுகளைக் கழற்றித் தம்பி எஃப்ரெயினின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு வீட்டுச் சாவி, வங்கி அட்டை, நான்காக மடித்த ஒரு காகிதம். தான் திரும்பி வராவிட்டால் மகள் ஹிமேனா தாய்மாமன் பொறுப்பில் இருக்கலாம் என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கிய காகிதம் அது. ஹிமேனாவுக்கு ஏழு வயது. சாயங்காலம் அம்மா வந்து தலை பின்னிவிடுவாள் என்று பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

அரைமணி நேரக் கைரேகை வேலைக்குத்தான் இத்தனை ஏற்பாடு. மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து எல்லை தாண்டி வந்தவள் மரிசேலா. அவளைப் போலச் சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் போட வேண்டும். கூப்பிடும்போது போய் விரல்களைக் காட்ட வேண்டும். பதிலுக்கு வேலை செய்ய அனுமதி, நாடு கடத்த மாட்டோம் என்று ஒரு வாக்கு. ஆறு தடவை காட்டியாகிவிட்டது. இந்தத் தடவை அந்த வாக்கை நம்ப ஆளில்லை. விதியை மாற்றப் போகிறார்கள், மாற்றிவிட்டார்கள், நீதிமன்றம் நிறுத்திவைத்திருக்கிறது என்று ரேடியோவில் வேளைக்கொரு சேதி. பழக் கிடங்கில் உடன் வேலை பார்ப்பவள் ஒருத்தி, எங்கோ ஓர் ஊரில் அழைப்புக் கடிதத்தோடு உள்ளே போனவனைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். அவள் வாயில் நுழைந்த எதுவும் பெரிதாகித்தான் வெளியே வரும். ஆனாலும் யார் கண்டது? போகாமல் இருந்தாலோ, விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள்.

"எஞ்சினை அணைக்காதடா. நான் வெளிய வந்தா உடனே கிளம்பணும்."

"பேங்க்ல கொள்ளையடிக்கவா போற, அக்கா?"

"உனக்கென்ன, இங்க பொறந்தவன். சிரிப்ப. நல்லாக் கேளு. ஏதாவது வண்டி வந்து நின்னு, பிடிச்சுட்டுப் போற ஆளுங்க இறங்குனா, பானெட்டைத் தூக்கிரு. உள்ள ஜன்னல்லேர்ந்து பாத்துக்குவேன்."

"போன் பண்ணித் தொலைக்கலாமே?"

"உள்ள போனதும் போனை அணைக்கச் சொல்லுவாங்க. இந்தக் கிழட்டு வண்டி பானெட்டைத் திறந்துட்டு நின்னா எவனுக்கும் சந்தேகம் வராது."

அவன் சிரிக்காமல் தலையாட்டினான். அவள் இறங்கி அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

அலுவலகத்துக்குள் ஏசிக் குளிர் ஆளை நடுக்கியது. கண்ணாடி ஜன்னல் வழியாகத் தூரத்தில் பிக்கப் வண்டி தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். கைரேகைக் கருவிக்கு முன் நின்ற ஊழியரின் சீருடைச் சட்டையில் ஓர்த்தேகா என்று அவள் பிறந்த நாட்டுப் பெயர் இருந்தது. நம்ம ஆள். நம்ம ஆள் இந்தச் சட்டையில் என்ன செய்கிறான் என்று தோன்றியது. இடது கை விரல்கள் ஒழுங்காகப் பதிந்தன. வலது கைக்கு வந்ததும் கருவி கீச்சென்று கத்தியது. கிடங்கில் பீச் பழம் ஓடும் பட்டைகளைப் பத்து வருடமாக ப்ளீச் ஊற்றித் தேய்க்கும் கை. ஒரு வாரமாகக் கையுறையும் களிம்புமாகத்தான் இருந்தாள். பெருவிரலும் அடுத்த இரண்டும் திரையில் வெறும் கறையாக விழுந்தன.

மூன்றாவது முறையும் கருவி கத்திய பிறகு ஓர்த்தேகா அதுவரை பேசிய ஆங்கிலத்தை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டுப் பேச்சுக்கு மாறினார்.

"பயப்படாதீங்கம்மா. கொஞ்சம் உக்காருங்க. மேலதிகாரியக் கூட்டிட்டு வந்துர்றேன்."

சொல்லிவிட்டு அவளுடைய அழைப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உள்கதவைத் திறந்து போனார். மரிசேலா உட்காரவில்லை. ரேகை விழாததற்கு மேலதிகாரி எதற்கு? கடிதம் எதற்கு? பயப்படாதே என்று ஏன் சொன்னான்? அன்பாகப் பேசி ஆளை உட்கார வைக்கத்தானே நம்ம ஆளை நம்ம பாஷையோடு நிறுத்தியிருக்கிறார்கள்! வாசல் முப்பதடி தூரத்தில் இருந்தது. இப்போது நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.

ஜன்னலைப் பார்த்தாள். பிக்கப்பின் பானெட் தூக்கியிருந்தது.

வேறு வண்டி ஏதும் வந்து நிற்கிறதா என்று தேடினாள். ஜன்னல் அகலத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. எஃப்ரெயினின் முகத்தைப் பார்த்தால் போதும், புரிந்துவிடும். முகம் பானெட்டுக்குப் பின்னால் இருந்தது. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில். போன வாரம் சந்தைக்குப் போகிற வழியில் இதே வண்டி கொதித்து நடுரோட்டில் நின்று, பானெட்டைத் தூக்கி ஆறவைக்க வேண்டியிருந்தது. இத்தனை நேரம் எஞ்சினை அணைக்காதே என்றவள் அவள்தான். பானெட்டைத் தூக்கு என்றவளும் அவள்தான். தன்னையே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

உள்கதவு திறந்தது. ஓர்த்தேகாவும், நரைத்த தலையோடு ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஈரத்துணி இருந்தது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

"வாங்க, இன்னொரு தடவை பாத்துரலாம்."

வாசலுக்கும் கருவிக்கும் நடுவில் நின்றாள் மரிசேலா. ஓடிப்போனால் அடுத்த இரண்டு வருட அனுமதி போயிற்று, வேலை போயிற்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஓட்டம்தான். நின்றால் ஹிமேனாவின் பின்னலை இன்று யார் போடுவார்களோ தெரியாது. நின்றாள். கருவியிடம் வந்து வலது பெருவிரலை நீட்டினாள். ஈரத்துணி வெதுவெதுப்பாக இருந்தது. ஓர்த்தேகா அவள் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தினார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்தாள். தூக்கிய பானெட்டுக்கு மேல் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. ரேடியேட்டரிலிருந்து வரும் ஆவியா, வெயிலில் நெளியும் காற்றா என்று கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். வண்டிக்கு அடியில், அந்தப் பக்கம் நின்ற தம்பியின் காலணிகள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி வந்து நின்றது.