மூடாத குறிப்பு

அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவர் எழுதிய நாவலைக் கம்ப்யூட்டரே அவருக்குப் படித்துக் காட்டியது. முழுதும் கேட்டுச் சரி என்றால் மறுநாள் அச்சுக்குப் போகும். இறந்துபோன அண்ணியைப் பற்றிய நாவல்.

ஒரு தொல்லை. அண்ணன் நடுநடுவே தனக்குத்தானே குறிப்பு எழுதி வைப்பார். தொடக்கக் குறி, நாலைந்து வரி புலம்பல், முடிவுக் குறி. கம்ப்யூட்டர் அண்ணியின் சிரிப்பையும் ‘இந்தப் பத்தி சுத்த உளறல்’ என்பதையும் ஒரே குரலில் படித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. ப்ரோகிராமர் தங்கை பிறகு எதற்கு இருக்கிறேன்? டெர்மினலைத் திறந்து, தொடக்கக் குறி உள்ள வரியிலிருந்து முடிவுக் குறி உள்ள வரி வரைக்கும் நீக்கு என்று ஒற்றை வரிக் கட்டளை தட்டினேன். அசலைத் தொடாமல் புதுக் கோப்பாக எடுத்துக்கொண்டேன்.

மதியம். திரைச்சீலை வழியாக மங்கலான வெளிச்சம். அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தார். கடைசி அத்தியாயத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ‘துணி நனையுதே என்று அவள் மாடிப்படி ஏறினாள்.’ குரல் நின்றது.

“அவ்ளோதானா?” என்றார் அண்ணன். “அவ இன்னும் இறங்கலையே.”

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரும், நான் படித்திருக்கிறேன். அசலைத் திறந்தேன். அந்த வரிக்குக் கீழே நாவலின் கடைசிக் குறிப்பு: ‘இதற்கு மேல் இன்று முடியவில்லை.’ முடிவுக் குறி போட மறந்திருந்தார். நம் கட்டளையோ எள் என்றால் எண்ணெயாக நிற்கும். மூடும் குறியைத் தேடிக்கொண்டே போய், ஆஸ்பத்திரி, டாக்டர், அந்த விடியற்காலை என்று கோப்பின் கடைசி வரை வழித்துத் தின்றுவிட்டது.

“என் தப்புதாண்ணா, சரிபார்த்திருக்கணும். குறியைப் போட்டுட்டு மறுபடி ஓட்டினா எல்லாம் வந்துடும். ஒரு நிமிஷ வேலை.”

ஃபேன் காற்றில் திரைச்சீலை எழும்பி எழும்பி அடங்கியது. எனக்குக் குறியைப் போடக் கை வரவில்லை. அண்ணியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மாடியில்தான் இருக்கிறார்கள், துணிகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு. கூப்பிட்டால் ‘இதோ வரேன்’ என்பார்கள். அப்படித்தான் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அச்சுக்கு நாளைக்குத்தானே போகுது?” என்றார் அண்ணன்.

“ஆமா.”

“அப்போ நாளைக்குக் காலைல அந்தக் குறியைப் போடும்மா. இன்னிக்கு அவ மேலயே இருக்கட்டும்.”