ஜெபராணி அக்காவின் கணினியில் தேவாங்கு

ஜெபராணி அக்காவின் கணினியில் ஒரு தேவாங்கு இருந்தது. கணினியை இயக்கினால் திரைக்கு வந்துவிடும். அணைத்தால் பெட்டிக்குள் போய்விடும். இரண்டு இடத்திலும் அதே தேவாங்குதான்.

நான் அந்த அலுவலகத்தின் கணினி நிர்வாகி. திண்டுக்கல்லில் பூட்டு செய்கிற நிறுவனம். எந்த ஊருக்கு எத்தனை பூட்டு போகிறது என்று கணினியில் ஏற்றுவது அக்காவின் வேலை. அவருடைய கணினி மிக மெதுவாக ஓடியது. பக்கத்து மேசைக்காரர்கள் அதைப் பற்றி என்னிடம் புலம்பினார்கள். அக்கா மட்டும் ஒருநாளும் புலம்பவில்லை. மெதுவான கணினியைத் திட்டாத ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் சந்தேகம் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் கைகழுவப் போனபோது பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். விசிறிக்குப் பின்னால் தேவாங்கு உட்கார்ந்திருந்தது. முகத்தில் பாதி கண். மீதி யோசனை. அது என் விரலைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் விரலை எடுத்திருக்கலாம். ஆனால் அது இன்னும் பிடித்து முடிக்கவில்லை. பாதியில் எடுப்பது மரியாதையாக இருக்காது என்று நின்றேன்.

அக்கா திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தேன்.

"பாத்துட்டீங்களா தம்பி."

"பாத்துட்டேன்க்கா."

"கடிக்காது."

"எப்படிக்கா உள்ள வந்துச்சு?"

"வேலியோரம் கெடந்துச்சு. நாய் கவ்வப் பாத்துச்சு. சாப்பாட்டுக் கூடையில போட்டுக் கொண்டாந்தேன். சாயங்காலம் விட்ரலாம்னுதான். கூடையத் தொறந்தா, இது மெதுவா நடந்து இதுக்குள்ள போயிருச்சு. வெளியவே வரல."

"எப்ப இது?"

"போன வருசம்."

"யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மை வைக்கிறவன், மருந்து கிண்டுறவன்னு எவனாச்சும் வருவான். கண்ணு வேணும்பான்." அவர் கூடையைத் திறந்து எனக்கும் ஒரு மூடியில் புளிச்சோறு வைத்தார்.

தேவாங்கை வைத்திருப்பது குற்றம். அலுவலகக் கணினியில் சட்டம் தடுத்த எதைக் கண்டாலும் நிர்வாகி சொல்லியாக வேண்டும். அழிக்கக் கூடாது. நகல் எடுக்கக் கூடாது. வேறு கணினிக்கு மாற்றக் கூடாது. கண்டும் காணாததுபோல் இருந்தால் அவனுடைய கண்களைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்போது கிடங்கில் சாவிகளைத் தடவிப் பார்த்துப் பிரிக்கிறார். நல்ல மனிதர். யாரைப் பற்றியும் அவருக்குக் குறையில்லை.

"நான் சொல்லித்தான் ஆகணும்க்கா."

"தெரியும். சாப்ட்டுப் போய்ச் சொல்லுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எழுந்துபோக எளிதாக இருந்திருக்கும்.

தகவல் சொல்லவேண்டிய அறை எங்கள் நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கிறது. மற்ற நாட்களில் கூப்பிடு தூரம். அன்று தண்ணீர்க் குழாயைத் தாண்டியதும் நடைக்கூடம் நீண்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. நின்றேன். பேருந்து வந்தது.

"எங்க?" என்றார் நடத்துநர்.

"கடைசி அறை."

"போகமட்டுமா, திரும்பவுமா?"

"திரும்பவும்."

"திரும்புறப்ப ஆளு கொஞ்சம் மாறியிருப்பீங்க. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வழியில் யாரோ நடைக்கூடம் முழுக்கச் சோளக்கதிர் பரப்பியிருந்தார்கள். ஓட்டுநர் அதன்மேலேயே ஓட்டினார். அதற்காகத்தான் பரப்பியிருந்தார்கள். பிறகு 'பாக்கலியே' என்று ஒரு நிறுத்தம் வந்தது. நல்ல நிழலான இடம். டீக்கடை இருந்தது. பேருந்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். நடத்துநர் விசில் ஊதாமல் என்னையே பார்த்தார்.

"எறங்கலையா?"

நான் என் விரலைப் பார்த்தேன். அதில் அந்தப் பிடி இன்னும் இருந்தது. போகலாம் என்றேன்.

கடைசி அறையில் பத்மாசனி என்ற வன அதிகாரி இருந்தார். கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இருக்கு?"

"தேவாங்கு."

"படமா?"

"தேவாங்குதாங்க மேடம்."

"யாரு கம்ப்யூட்டர்?"

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"அவங்க எப்படி?"

"ரொம்ப நல்லவங்க மேடம். அது உயிரோட இருக்கறதே அவங்களாலதான்."

"அத எழுத எடம் இல்ல."

"ஞாபகத்துலயாவது வச்சுக்கங்க."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து நான் சொன்னதை உள்ளே வைத்து மூடினார். பிறகு இரண்டு வனக்காவலர்களை அழைத்தார். அவர்கள் ஓர் உசிலை மரத்தைத் தூக்கி வந்தார்கள். எல்லோரும் பேருந்தில் ஏறினோம். மரத்துக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

அலுவலகத்தில் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் மரத்தை நட்டார்கள். மேலாளர் காஜா மைதீன் சார் வந்து பார்த்தார்.

"வேரு டைல்ஸ ஒடைக்குமா?"

"ஒடைக்கும்" என்றார் பத்மாசனி.

"சரி" என்றார் சார். விளக்குகளை அவரே அணைத்தார்.

"யாரும் அதத் தொடக் கூடாது. கூப்புடவும் கூடாது. அதுவா வரணும்" என்றார் பத்மாசனி.

கணினியையும் அணைத்தேன். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

தேவாங்கு முதல் கையை வெளியே வைத்தது. இரண்டாவது கையை வைப்பதற்குள் மழைக்காலம் வந்து போனது. காஜா மைதீன் சாரின் மகளுக்குக் கல்யாணம் ஆனது. பிரியாணியை மரத்தடியிலேயே, கரண்டிச் சத்தம் கேட்காமல் சாப்பிட்டோம். லாரிகள் வந்தன, பூட்டுகளை ஏற்றாமல் போயின. யாரும் அவசரப்படவில்லை. பொல்லாதவர் என்று பெயரெடுத்த காசாளர்கூடத் தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார்.

தேவாங்கின் கால் மேசை விளிம்புக்கு வந்தபோது அக்கா முதல்முறையாகப் பேசினார்.

"நீங்க சொல்லாட்டி நானே ஒருநாள் சொல்லியிருப்பேன்னு நெனைக்காதீங்க தம்பி. சொல்லியிருக்க மாட்டேன்."

"சரிக்கா."

"வெட்டுக்கிளி குடுத்தேன். தண்ணி குடுத்தேன். வேட்டித் துணி கிழிச்சுப் போட்டேன். இதுக்கு ஒரு மரம் வேணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"எனக்கும் தோணலக்கா. எனக்குச் சட்டந்தான் தோணுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். இருட்டில் அவருடைய கண்கள் பெரிதாக இருந்தன. எங்கள் எல்லோருடைய கண்களும் அதற்குள் கொஞ்சம் பெரிதாகியிருந்தன.

தேவாங்கு மரத்தைத் தொட்டது. ஒரு கையால் கிளையைப் பிடித்தது. அதுவரை நான் பார்க்காத ஒன்றைச் செய்தது. வேகமாக ஏறியது. உச்சிக் கிளைக்குப் போய் ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றது. அந்தச் சின்ன நொறுக்குச் சத்தம் அலுவலகம் முழுக்கக் கேட்டது. அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் கேட்கவில்லை.

பத்மாசனி எழுந்தார்.

"ஜெபராணி. உங்க மேல குத்தம் இருக்கு."

"இருக்குங்க மேடம்."

"இந்த மரத்த மலையடிவாரத்துல கொண்டு வைக்கப் போறோம். நீங்க தெனம் சாயந்தரம் அதுக்குக் கீழ வந்து நிக்கணும். கூப்புடக் கூடாது. கை நீட்டக் கூடாது. எதுவும் கொண்டுவரக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"அது உங்கள மறக்கற வரைக்கும்."

அக்கா தலையாட்டினார். நான் எனக்கு என்ன என்று கேட்டேன்.

"நீங்க சாட்சி. கூட நிக்கணும். அது மறந்துருச்சுன்னா வந்து சொல்லணும். அன்னிக்கே தண்டன முடிஞ்சுது."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இருவரும் மலையடிவாரத்துக்குப் போய் நிற்கிறோம். அது கிளை வழியாக இறங்கி வந்து, பாதி முகக் கண்ணால் அக்காவைப் பார்க்கும். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். எங்கள் நேரம் முடிந்ததும் திரும்புவோம். பேருந்தில் அவர் தன் தம்பி மகளைப் பற்றிச் சொல்வார். நான் புதிய பிரிண்டரைப் பற்றிச் சொல்வேன். அவர் அதையும் கேட்டுக்கொள்வார்.

நேற்று அது இறங்கி வரவில்லை. பக்கத்துக் கிளையில் இன்னொரு தேவாங்கு இருந்தது. இது அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அக்கா வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

"மறந்துருச்சு தம்பி" என்றார்.

"அப்படித்தான் தெரியுதுக்கா."

"நல்லதுதான."

"நல்லதுதாங்க்கா."

"இனி நீங்க போயிச் சொல்லணும்ல."

நான் யோசித்தேன்.

"ஒரு தடவ பாத்தத வச்சுச் சொல்ல முடியாதுக்கா. உறுதி பண்ணணும்."

"ஆமா. உறுதி பண்ணிக்கங்க."

மேலே தேவாங்கு மற்றதன் பக்கமாக ஒரு கையை நீட்ட ஆரம்பித்திருந்தது. அது போய்ச் சேரட்டும் என்று நின்றோம்.