ஏப்ரல் முப்பத்தொன்று

வெர்னா குளிர்காலம் தோறும் கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து கோஸ்டாரிகாவுக்கு வந்துவிடுவாள். இந்த வருஷம், இறந்துபோன அண்ணனின் மனைவி ஓல்காவையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். அவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் நாட்டைவிட்டுக் கிளம்புவதற்கான டிக்கெட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஓல்கா எடுக்கத்தான் போனாள். வேண்டாமென்று தடுத்தது வெர்னா. பழைய விமான டிக்கெட்டில் பெயரையும் தேதியையும் மாற்றி அச்சடித்துக் கொடுத்தாள். அவளே மூன்று வருஷமாக அப்படித்தான் சமாளித்து வந்தாள்.

பக்கத்து நாடான பனாமாவில் ஒரு வாரம் சுற்றிவிட்டு இருவரும் பஸ்ஸில் கோஸ்டாரிகா எல்லைக்குத் திரும்பினார்கள். வெர்னாவின் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. அடுத்து நின்ற ஓல்காவின் காகிதத்தை அதிகாரி இரண்டு தடவை படித்தார். பிறகு வெர்னாவைக் கூப்பிட்டார். ஓல்காவுக்கு ஸ்பானிய மொழி தெரியாது.

"ஏப்ரல் முப்பத்தொண்ணாம் தேதி எந்த ஊர்ல வருதும்மா? இதை யார் தயார் பண்ணது?"

வெர்னாவின் கைப்பையில் இருக்கும் காகிதமும் அப்படிப்பட்டதுதான். "அவங்களேதான். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.

"என்ன கேக்கறாரு?" என்றாள் ஓல்கா.

"தேதி தப்பா அச்சாயிருக்காம், அண்ணி. நான் பேசிப் பாக்கறேன்."

பொய்க் காகிதம் காட்டியவரை விட முடியாது, புது டிக்கெட் எடுத்தாலும் இன்று நடக்காது என்று அதிகாரி முடித்துக்கொண்டார். ஓல்கா பனாமாவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கூடவே போயிருக்கலாம். தங்கியிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு வர வேண்டும், பெட்டியை அனுப்பி வைக்கிறேன் என்று ஏதேதோ சொல்லி வெர்னா இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். வெயிலில் கைப்பையை அணைத்தபடி, எழுபத்தோரு வயதுக்காரி தனியாகத் திரும்பி நடந்தாள். போகும்போது, தனக்காகப் பேசியதற்கு நன்றி வேறு சொன்னாள்.

ஓல்கா அங்கிருந்தே விமானம் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தாள். தேதியைப் பார்க்காமல் வாங்கிய மடத்தனம் தன்னுடையதுதான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட பிறகு வெர்னாவுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு ஞாயிறு காலையில் போன் செய்து, அதிகாரியிடம் தான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டாள்.

"என் பக்கம் கையைக் காட்டிக்கிட்டே பேசினியே வெர்னா. அது புரிய பாஷை வேணுமா?"

"அப்புறம் ஏன் நன்றி சொன்னீங்க அண்ணி?"

"நீ அப்பவாவது சொல்லுவேன்னு பாத்தேன்."

வெர்னா மன்னிப்புக் கேட்டாள். ஓல்கா சரி என்றாள். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி போனை வைத்தாள்.

அன்று மாலையே வெர்னா உண்மையான டிக்கெட் ஒன்று எடுத்தாள், அந்த வாரமே ஊர் திரும்புவதற்கு. விமான நிலையத்தில் யாரும் அதை இரண்டாவது தடவை படிக்கக்கூட இல்லை. ஊரில் இறங்கியதும் நேராக ஓல்காவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஓல்கா உள்ளே வரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள், பனியைப் பற்றிப் பேசினாள். அடுத்த குளிர்காலத்தைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறக்கவில்லை.