பின்வாசலில் வைத்த ஜாடி

ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகள் போன் செய்தாள். "சும்மா எட்டிப் பார்க்க வரலப்பா. நீங்க தனியா சமாளிக்கிறீங்களான்னு பார்க்கணும். முடியலன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடுங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். மனைவி தவறிப்போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆகவே ஒழுங்கு செய்யத் தொடங்கினேன்.

முதலில் தரை, அடுத்து ஜன்னல், அதன் பிறகு அடுப்படி. எல்லாம் முடித்த பிறகும் ஏதோ குறைவதாகப் பட்டது. சாப்பாட்டு மேசை மொட்டையாக இருந்தது. மனைவி இருந்தவரை குளிர்காலம் முழுக்க அதன்மேல் ஒரு பூ ஜாடி இருக்கும். தோட்டமே செத்துக் கிடப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் எங்கிருந்தோ ஒரு கை நிறையப் பறித்துவந்துவிடுவாள்.

வியாழன் காலை நானும் தோட்டத்தில் இறங்கினேன். நான் தையல்காரன், துணி வெட்டும் கத்தரியால் வேறெதையும் தொட மாட்டேன். பின்வாசல் ஆணியில் தொங்கிய அவளுடைய செடிக் கத்தரியை எடுத்துக்கொண்டேன். வேலியோரத்து முள்ளிலைச் செடியில் சிவப்புக் காய்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. சுவரில் படர்ந்த கொடியில் இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. மூலையில் ஒரு புதர், இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சியிலேயே மஞ்சளாகப் பூத்திருந்தது. மூன்றிலும் வெட்டி, டேப் வைத்து அளந்து, ஒரே உயரத்துக்கு நறுக்கி ஜாடியில் நிறுத்தினேன். பாவம், குளிரில் விட மனமில்லாமல் ஹீட்டர் பக்கமாக மேசையை நகர்த்தினேன்.

மறுநாள் மாலை மஞ்சள் பூவெல்லாம் மேசைவிரிப்பில் கொட்டிக் கிடந்தது. கொடியிலை சுருண்டுவிட்டது.

மனைவியின் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"என்ன அத்தான் இது, யூனிஃபார்ம் தைச்ச மாதிரி எல்லாம் ஒரே அளவுல நிக்குது?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோ. உங்கக்கா வச்சா ரெண்டு வாரம் இருக்கும். நான் வச்சது ரெண்டு நாள்கூடத் தாங்கல."

"ராத்திரி எங்க வச்சீங்க?"

"மேசை மேலதான். வேற எங்க வைப்பாங்க?"

"அக்கா தினமும் ராத்திரி ஜாடியைப் பின்வாசல்ல கொண்டு வச்சிடுவா. குளிர்ல வளர்ந்த பூ, விடிய விடிய ஹீட்டர் சூட்டுல நின்னா என்னத்துக்கு ஆகும்? காலையில திரும்ப உள்ள எடுத்துடுவா. உங்களுக்குத் தெரியாதா?"

"நான் பார்த்ததே இல்லையே."

"எப்படிப் பார்ப்பீங்க? உங்க குறட்டை ஆரம்பிச்ச பிறகுதானே அவ எந்திரிப்பா."

அந்த நாட்களில் காலையில் டீ குடிக்க உட்காரும்போது ஜாடி கையில் பட்டால் சில்லென்று இருக்கும். கண்ணாடி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை மறுபடி வெட்டினேன். டேப்பைத் தொடவில்லை, குச்சிகள் நெட்டையும் குட்டையுமாகத் தம் போக்கில் நின்றன. படுக்கும் முன் ஜாடியைப் பின்வாசலில் வைத்தேன்.

மகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் வருவது பின்வாசல் வழியாகத்தான்.

"வீட்டை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. அம்மா இருந்தப்பகூட அடுப்படி இவ்வளவு சுத்தமா இல்ல."

டீ போட்டேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடித்தோம்.

"சரிப்பா. நான் பயந்த மாதிரி இல்ல. நீங்க இங்கயே இருங்க. நான் வற்புறுத்தல."

நான் கேட்க விரும்பியதும் அதைத்தான். இருந்தாலும் இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. மறுப்பதற்கான வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஜாடி நினைவுக்கு வந்தது. "இரு, உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று எழுந்து போனேன். பின்வாசலில் ஜாடி இல்லை. கழுவித் துடைத்து, அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது.

"அதையா தேடுறீங்க? செடி வெட்டுன குப்பையை அதுல திணிச்சு வெளியில வச்சிருந்தீங்களே. குப்பைத் தொட்டியில கொட்டிட்டுக் கழுவி வச்சேன். அம்மா ஜாடிப்பா அது. வெளியில கிடந்தா உடைஞ்சுடாதா?"

அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருடமும் இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள், அதைச் செய்தவள்தான்.

"நல்ல வேளை, எடுத்து வச்ச" என்றேன்.

"என்னமோ காட்டணும்னீங்க?"

"பின்பக்கத் தோட்டத்துல மஞ்சளா ஒண்ணு பூத்திருக்கு. போகும்போது பார்த்துட்டுப் போ."

போகிற அவசரத்தில் முன்வாசல் வழியாகவே போய்விட்டாள்.

புதரில் மிச்சமிருந்ததை மாலையில் வெட்டி ஜாடியில் வைத்தேன். அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். விளக்கை அணைக்கும் முன் ஜாடியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். குறட்டை விட்டேனா என்று தெரியவில்லை. சொல்வதற்கு ஆளில்லை.