சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

கை மடங்கவில்லை. கடைசியில் சட்டையை முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள். வெட்டிய காக்கிச் சட்டையை ஹில்டா அத்தை சுருட்டி பியூலாவின் கையில் திணித்தாள்.

"எங்கியாவது ஓரமா வெய்யி. உங்கம்மா கண்ணுல படாத எடமா."

சட்டை கனத்தது. பியூலா கிணற்றடிக்குப் போய் அதை விரித்தாள். இடது பையில் பொத்தான் போட்டிருந்தது. உள்ளே வெள்ளைப் பீங்கானில் ஒரு ஃபியூஸ் கட்டை. அவளுக்கு அது எந்த வீட்டுக் கட்டை என்று தெரியும். அதைத் தாவணிக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று காலை எட்டரை மணிக்கு, சேலையூர் பங்களாவில், அமெரிக்க அம்மாவின் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் பியூலாவின் அப்பா தனசிங் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்கு அந்த அம்மாவின் காரிலேயே வீடு வந்து சேர்ந்தார். அடக்கம் மாலை நாலு மணிக்கு என்று சர்ச் ஐயர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

முன்னறையில் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்நாயகிக்கு இன்னும் விஷயம் முழுதாகப் புரியவில்லை.

"அது இன்னா மிஷினுக்கா? எதை அரைக்குது?"

"குப்பைய அரைக்குது" என்றாள் ஹில்டா அத்தை. "மிஞ்சின சோறு, காய்த்தோலு, எலும்பு எல்லாத்தையும் தொட்டி ஓட்டையில தள்ளி சுவிட்சப் போட்டா, அடியில கீற மிஷினு கூழாக்கி சாக்கடைக்கு அனுப்பிடும். கப்பல்ல வந்துச்சு. எங்கண்ணன்தான் மாட்டிக் குடுத்தாரு."

"நம்ம வூட்ல மாடு துண்றத அவங்க வூட்ல மிஷினு துண்ணுதா!"

"ஆறு வருஷம் மின்ன எங்கண்ணன் வெரலையும் சேத்துத் துண்ணுச்சே. சுவிட்ச அணைக்காம கைய வுட்டாரு பாவி மனுஷன். ஊர் வூட்டுக் கொழாயெல்லாம் பாத்துப் பாத்து செய்வாரு. தன் கையப் பாக்கல."

இரண்டொரு பெண்கள் லேசாகச் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் யாராவது சிரிப்பது வழக்கம். அப்பாவே சிரிப்பார். யாராவது விளக்கை அணைக்க மறந்தால் அம்மா, "எங்க வூட்டுக்காரரு மாதிரி" என்பாள். அவர் மூன்று விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டுவார். ஆறு வருஷமாக அப்படித்தான். அப்படி ஒவ்வொரு முறையும் பியூலா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. மே மாத விடுமுறை. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று அப்பா சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப் போயிருந்தார். மிஷினுக்குள் முருங்கைக்காய் நார் சுற்றிக்கொண்டு நின்றுபோயிருந்தது. அவர் சுவிட்சைத் தள்ளிவிட்டு, துடைப்பக்கட்டையை உள்ளே விட்டுச் சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். பிறகு கையை விட்டு நாரைப் பிய்த்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சம் தற்செயலாகச் சுவரில் விழுந்தது. சுவிட்ச் கீழே பார்த்து இருந்தது. வீட்டில், பள்ளிக்கூடத்தில், கோவிலில், எங்கேயும் சுவிட்ச் கீழே இருந்தால் விளக்கு எரியும். ஐயோ, அப்பா அணைக்க மறந்துவிட்டார் என்று அவள் எட்டி அதை மேலே தள்ளினாள்.

அந்த சுவிட்சும் மிஷினோடு கப்பலில் வந்தது. அந்த ஊரில் மேலே தள்ளினால்தான் ஓடும்.

அவர் கத்தவில்லை. இடது கையை நீட்டி சுவிட்சைக் கீழே இழுத்தார். வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ வெளிய போய் நில்லும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "அணைக்க மறந்துட்டேன் சார்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னார். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், கையை உள்ளே விடும் முன், கரண்டே வராதபடி மீட்டர் பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்து அவர் பொத்தானும் போட்டாக வேண்டும்.

"பாப்பா, பியூலா!"

வேலிக்கு அப்பால் பங்களாத் தோட்டக்காரர் சின்னப்பன் நின்றிருந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாதும்மா. அப்பா பையில ஒரு கட்டை இருந்துச்சா? சமையக்கட்டுல லைட்டு இல்ல. ஃப்ரிட்ஜு நின்னுபோய் பாலெல்லாம் கெட்டுப்போவுது. தொரசானி கேக்காதேன்னுதான் சொன்னாங்க. நான்தான் மனசு கேக்காம வந்துட்டேன்."

"மிஷினு இப்ப எப்படிக் கீது மாமா?"

"அண்ணன் உள்ள வுட்ட தொடப்பக்கட்டை அப்படியே நிக்குது. யாரும் தொடல." அவர் குரலைத் தாழ்த்தினார். "சுவிட்ச மட்டும் நான் பத்திரமா ஆஃப் பண்ணிட்டேன். பாவம், இன்னிக்கும் அணைக்காமத்தான் கைய வுட்டிருக்காரு. கீழ இருந்துச்சு. மேல தள்ளி வெச்சுட்டுத்தான் வந்தேன்."

பியூலா இடுப்பில் செருகியிருந்த கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னாம்மா?"

"கட்டை என்கிட்டதான் கீது. இப்ப தரமாட்டேன். அடக்கம் முடிஞ்சதும் நானே வந்து போடறேன். அதுவரைக்கும் அந்த சுவிட்ச யாரும் தொடக்கூடாது."

"நீயா? இன்னிக்கா?"

அவள் உள்ளே போனாள்.

பெட்டி வந்துவிட்டிருந்தது. அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, காலுக்கு வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். ஹில்டா அத்தை கைக்குக் கிளவுஸ் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை சரியாக வந்தது. வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் காற்றுப்போன பலூன் மாதிரி தொங்கின.

"பஞ்சு எடுத்தா. நாலு பேரு பாக்கறாங்க, முழுசா இருக்கட்டும்."

அத்தை பஞ்சை உருட்டி உருட்டி உள்ளே திணித்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் அம்மாவுக்கு அடக்கிவைத்த அழுகை பீறிட்டது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள்.

"சுவிட்ச அணைக்க மறந்த மனுஷா! இப்ப என்னையும் மறந்துட்டுப் போறியே! எதைத்தான் நீ ஞாபகம் வெச்ச!"

"அப்பா மறக்கலம்மா" என்றாள் பியூலா.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் அம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"அம்மா. அப்பா அன்னிக்கு அணைச்சுட்டுத்தான் கைய வுட்டாரு. நான்தான் போட்டேன். அணைக்கறதா நெனச்சு போட்டுட்டேன்."

அம்மாவின் ஆட்டம் நின்றது.

"இன்னாடி ஒளர்றா இவ?" என்றாள் அத்தை. "காலைலேந்து பச்சத்தண்ணி குடிக்கல பொண்ணு. யாராவது ஒரு வாய் காபி குடுங்க."

அம்மா பியூலாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"பாத்தாரு."

அம்மா குனிந்து, அப்பாவின் வலது கையைத் தன் பக்கம் இழுத்து, கிளவுஸை மெதுவாகக் கழற்றினாள். பஞ்சு உருண்டைகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விழுந்தன. அவற்றைப் பொறுக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று விரலும் இரண்டு குட்டை முண்டுகளுமாக இருந்த கையை அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"யூனிஸ், நல்லா இல்லடி" என்றாள் அத்தை அம்மாவிடம்.

"இருக்கட்டும்."

பெட்டியை அப்படியே மூடினார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது சேலையூர் முனையில் பியூலா நின்றாள். "நீங்க போங்கம்மா. நான் பங்களாவுக்குப் போயிட்டு வந்துடறேன்." ஹில்டா அத்தை வாயில் கை வைத்தாள். அம்மா அத்தையிடம் பைபிளைக் கொடுத்துவிட்டு மகளோடு நடக்க ஆரம்பித்தாள்.

பங்களா சமையலறையில் ஜன்னல் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அமெரிக்க அம்மா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொட்டிக்கு மேல் துடைப்பக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பியூலா முதலில் சுவிட்சைக் கீழே இழுத்தாள். பிறகு துடைப்பக்கட்டையை உருவி ஓரமாகச் சாய்த்தாள். இடுப்பிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். அங்கேயே வைத்துக் குனிந்தால் அது நழுவிவிடும்போல் இருந்தது. எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள்.

"இங்க குடு" என்றாள் அம்மா.

வாங்கி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"ம். கைய வுடு. என்கிட்டதான் இருக்கு."

பியூலா கையை உள்ளே விட்டாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. காலையில் அப்பா எடுக்காமல் விட்டுப்போன நார் விரலில் தட்டுப்பட்டது. ஒரு இழையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரும்பினாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கட்டையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி சுவரிலிருந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.