முட்டை சாண்ட்விச்சும் வாதப் பிழைகளும்

தர்க்க டீச்சர் அந்த வாரம் கல்லூரியில் நடத்தியது வாதப் பிழைகள். முதலாவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை: முன்னால் வந்தது என்பதற்காகக் காக்கையின் தலையில் பழி போடக்கூடாது. இரண்டாவது, பேச்சை விட்டுவிட்டு ஆளை அடிப்பது. பிள்ளைகள் கற்பூரமாகப் பற்றிக்கொண்டார்கள். வீட்டில் அப்பாமார் வாயைத் திறக்கவே பயந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் பிரின்சிபால் நுழைந்தார்.

"இனிமே யாரும் கேன்டீன் பக்கம் போகக்கூடாது. நேத்து அங்க சாப்பிட்ட பையன் வாந்தி எடுத்திருக்கான். அந்தக் கேன்டீன்காரன் முழியே சரியில்ல."

"காக்கா சார்!" என்றாள் முன்பெஞ்சு வாயாடி. "அவனுக்கு பஸ்ல வந்தாலே வாந்தி வரும்."

"முழியைப் பேசறது ஆளை அடிக்கிறது சார்," என்றான் நெட்டையன்.

வகுப்பே மேசையைத் தட்டியது. பிரின்சிபால் டீச்சரை முறைத்துவிட்டுப் போனார். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மதியம் வகுப்பு மொத்தமும் ஊர்வலமாகப் போய் முட்டை சாண்ட்விச் தின்றது. டீச்சர் இரண்டு தின்றார். நெகிழ்ந்துபோன கேன்டீன்காரர் அவருக்கு இன்னொன்றை இலவசமாகவே கொடுத்தார். ஃப்ரிட்ஜ் ஓடாமல் கிடப்பதை மட்டும் சொல்லவில்லை.

மாலைக்குள் கழிப்பறை வாசல்களில் வரிசை நின்றது. ஆசிரியர் கழிப்பறைக்குள் டீச்சர். வெளியே பிரின்சிபாலின் குரல்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"முடிவு சரி சார். காரணம்தான் தப்பு."

"வயித்துக்கு அது தெரியுமா?"

டீச்சர் பதில் சொல்லுமுன் வயிறு சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை வந்தது பாதி வகுப்புதான். டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஒருத்தர் மோசமா வாதாடினார்ங்கிறதுக்காக அவர் சொன்னது பொய்யாயிடாது. நல்ல காரணம் இருக்கான்னு நாமதான் தேடியிருக்கணும். யாராவது சமையலறையை எட்டிப் பார்த்தோமா?"

"நீங்களும்தான் பாக்கல மேடம்," என்றாள் வாயாடி.

"பாக்கல. மூணு தின்னேன். எந்திரிங்க, இப்பப் பாக்கலாம்."

நெட்டையன் ஃப்ரிட்ஜைத் திறந்தான். உடனே வாசலுக்கு ஓடினான். "மெக்கானிக் நாளைக்கு வரேன்னான்மா," என்று கேன்டீன்காரர் தலையைச் சொறிந்தார்.

டீச்சர் கேன்டீனைப் பூட்டச் சொல்லி, சாவியைப் பிரின்சிபால் மேசையில் வைத்தார்.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர் சார். அதான் காரணம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்," என்றார் பிரின்சிபால்.

டீச்சர் வாயைத் திறந்தார். வயிறு லேசாக உறுமியது. மூடிக்கொண்டு நடையைக் கட்டினார்.